இனவசை பேசிய வீரரை மன்னிக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது?

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் நண்பரின் கேள்வியை முதலில் என் சொற்களில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். இங்கிலாந்தின் டோட்டனம் கால்பந்து அணியின் உருகுவே வீரர் ரோட்ரிகோ பென்டங்கூர், அப்போது தன் அணித் தலைவராக இருந்த தென்கொரியாவின் சோன் ஹியூங்-மின்னைப் பற்றி இழிவாகப் பேசினார், பிறகு மன்னிப்புக் கேட்டார், சோனும் அதை ஏற்றுக்கொண்டார். அப்படியிருந்தும் ஏழு ஆட்டங்கள் விளையாடத் தடையும் ஒரு லட்சம் பவுண்டு அபராதமும் விதித்தார்கள், உலகமே அவரைத் திட்டித் தீர்த்தது. "புண்பட்டவரே மன்னித்த பிறகு ஊருக்கு என்ன கோபம்? இது நியாயமா, கூட்டத்தின் வெறியா?" என்று நண்பர் கேட்கிறார். கூடவே, தம் ஊர்ப் போட்டியில் இப்படி ஒரு புகார் வந்தால் கமிட்டி என்ன செய்வது என்றும் கடைசி வரியில் ஒரு கேள்வியை வைத்திருக்கிறார். அந்தக் கடைசி வரிதான் அவர் உண்மையில் கேட்க வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. எனவே இரண்டையும் சேர்த்தே பதில் சொல்கிறேன். பாலக்காடு, மலப்புறம் மைதானங்களிலும், இந்தப் பக்கம் பொள்ளாச்சி, கோவை மைதானங்களிலும் பல ஆண்டுகள் நடுவராக நின்றவன் நான். இப்போது உள்ளூர்ப் போட்டிகளின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுக்களில் உட்கார்ந்து புகார்களை விசாரிக்கிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். சட்டம் தொடர்பாகச் சொல்வதை அந்த அளவில் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பென்டங்கூர் நிகழ்வு ஆட்டத்தின் சூட்டில் வாய்தவறி நடந்தது அன்று. 2024 ஜூனில் உருகுவே தொலைக்காட்சி நேர்காணல் ஒன்றில், டோட்டனம் வீரர் ஒருவரின் சட்டை கிடைக்குமா என்று கேட்ட செய்தியாளரிடம், சோனுடையதையோ அவருடைய உறவினருடையதையோ தரலாம், அவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதானே இருக்கிறார்கள் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். எதிர்ப்பு உடனே கிளம்பியது. இங்கிலாந்தில் பாகுபாட்டை எதிர்த்துச் செயல்படும் 'கிக் இட் அவுட்' அமைப்புக்குப் புகார்கள் குவிந்தன. ஆங்கிலக் கால்பந்துச் சங்கம் செப்டம்பரில்தான் குற்றச்சாட்டைப் பதிந்தது, நவம்பரில்தான் தண்டனை வந்தது. தண்டனையின் அளவை எதிர்த்து டோட்டனம் செய்த மேல்முறையீடும் டிசம்பரில் தள்ளுபடியானது. அதாவது ஊரின் கோபத்துக்கும் தண்டனைக்கும் இடையே ஐந்து மாதங்கள் ஓடியிருக்கின்றன. கூட்டம் கூச்சலிட்டதால் கையெழுத்திட்ட தீர்ப்பு என்று அதைச் சொல்ல முடியாது.

ஏழு ஆட்டம் என்ற எண்ணும் யாருடைய ஆத்திரத்திலும் பிறந்ததன்று. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் ஒழுங்கு விதித்தொகுப்பு, இனம், நிறம் முதலியவற்றைச் சொல்லி இழிவுபடுத்தும் வீரருக்குக் குறைந்தது பத்து ஆட்டத் தடை என்கிறது. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஃபாவின் விதியும் அதே பத்தைத்தான் வைத்திருக்கிறது. ஆங்கிலச் சங்கம் முதல் முறை தவறு செய்யும் தனிநபருக்கு ஆறு முதல் பன்னிரண்டு ஆட்டம் வரை என்று வரையறுத்திருக்கிறது. அந்த அளவுகோலில் ஏழு என்பது அடிமட்டத்தை ஒட்டிய தண்டனை. விதி முன்பே எழுதப்பட்டிருந்தது, வீரர்களும் அதை அறிந்தே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார்கள்.

சோனின் மன்னிப்பு ஏன் போதவில்லை என்பதற்கு வருகிறேன். தன்னைப் பொறுத்தவரை அந்தக் காயம் ஆறிவிட்டது, நாங்கள் சகோதரர்கள் என்று சோன் சொன்னது அவருடைய பெருந்தன்மை. அதை யாரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் பென்டங்கூர் சொன்னது சோனின் ஆட்டத்தையோ குணத்தையோ பற்றிய விமர்சனம் அன்று. ஒரு நிலப்பகுதி மக்கள் அனைவரையும் ஒரே முகமாக்கிய பேச்சு அது. லண்டன் தெருவில் அதே கேலியைப் பள்ளிக்கூடம் தொட்டு அலுவலகம்வரை கேட்டுப் பழகிய கிழக்காசியர் ஒருவர், தொலைக்காட்சியில் அதைப் பார்த்தபோது அவரும் புண்பட்டார். அவருக்கான மன்னிப்பைச் சோன் எப்படி வழங்க முடியும்? இருவருக்கு இடையிலான பிணக்கு என்றால் இருவரும் கைகுலுக்கியதும் முடிந்துவிடும். இனவசையில் எப்போதும் மூன்றாவதாக ஒரு தரப்பு இருக்கிறது, அந்தத் தரப்பு மைதானத்துக்கு வெளியே இருக்கிறது. பொதுமக்களின் கோபத்துக்கு நியாயமான வேர் ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்று நான் கருதுகிறேன்.

இந்தக் கோபம் இரண்டு பக்கம் பாய்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வசை பேசியவர் மீது பாய்வதைத்தான் நாம் பார்க்கிறோம். புகார் சொன்னவர் மீதும் ஏறக்குறைய அதே வேகத்தில் அது பாய்கிறது, அதோடு பல நேரங்களில் அங்கேயே நெடுநாள் தங்கியும் விடுகிறது. 2011 அக்டோபர் 15 அன்று, லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில், லிவர்பூலுக்கும் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் நடந்த ஆட்டத்தில், லிவர்பூலின் லூயிஸ் சுவாரஸ் தன்னை நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தினார் என்று யுனைடெட்டின் பத்ரிஸ் எவ்ரா புகார் செய்தார். சுயேச்சையான ஆணையம் விசாரித்து, எட்டு ஆட்டத் தடையும் 40,000 பவுண்டு அபராதமும் விதித்தது. அதற்கு அடுத்த ஆட்டத்தில் லிவர்பூல் வீரர்கள் சுவாரஸின் படம் பொறித்த சட்டையை அணிந்துகொண்டு பயிற்சிக்கு வந்தார்கள். அடுத்த மாதம் எவ்ரா ஆன்ஃபீல்டுக்கு மீண்டும் ஆட வந்தபோது, பந்து அவர் காலுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அரங்கம் ஊளையிட்டது. புகார் உண்மை என்று ஆணையம் எழுத்தில் தீர்ப்பளித்த பிறகு நடந்தது இது. அன்று அந்தச் சட்டையை அணிந்தவர்களில் ஒருவரான ஜேமி காரகர், 2019-இல் தொலைக்காட்சியில் எவ்ராவின் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். எட்டு ஆண்டுகள் கழித்து வந்த மன்னிப்பு அது.

அதே 2011 அக்டோபரில், ஒரு வாரம் கழித்து, செல்சியின் ஜான் டெர்ரி குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அணியின் ஆன்டன் ஃபெர்டினாண்டை நோக்கி இனவசை பேசியதாகக் காட்சி வெளிவந்தது. அந்தச் சொற்கள் களத்தில் ஆன்டனின் காதில் விழவே இல்லை. ஆட்டம் முடிந்த பிறகு காணொளியில்தான் அவர் பார்த்தார். அவர் கிளப்பிய விவகாரமும் அன்று அது. இருந்தும் எதிரணி ரசிகர்களின் ஊளையும் மிரட்டலும் அவரைத்தான் தேடி வந்தன, கழகத்தின் முகவரிக்குத் துப்பாக்கிக் குண்டு ஒன்றுகூடத் தபாலில் வந்தது. 2021 மார்ச்சில் கிளாஸ்கோவில், பிராகாவின் ஸ்லாவியா அணி வீரர் ஒன்ட்ரெய் குடேலா, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு அந்நகரத்து ரேஞ்சர்ஸ் அணியின் கிளென் கமாராவின் காதில் ஏதோ சொன்னார். தான் இனவசை பேசவில்லை என்று குடேலா மறுத்தார், யூஃபா அதை ஏற்காமல் பத்து ஆட்டத் தடை விதித்தது. சில மாதங்கள் கழித்து அதே பிராகாவில் வேறொரு அணியோடு ஆட வந்த கமாராவை, பெரும்பாலும் பள்ளிச் சிறார் நிறைந்த அரங்கம் ஊளையிட்டு வரவேற்றது. வசை பேசியவரைப் பற்றி உலகம் எவ்வளவு எழுதியது என்று கணக்குப் பார்ப்பதைவிட, புகார் சொன்னவர் அடுத்த ஆட்டத்தில் எப்படி நடத்தப்பட்டார் என்று பார்த்தால்தான் எதிர்ப்பு உண்மையானதா என்பது தெரியும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி உறுதியாகத் தெரியக்கூடியது எது, தெரியாதது எது என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். இந்த விவாதங்கள் பெரும்பாலும் அங்கேதான் குழம்புகின்றன. ஒரு வீரர் குறிப்பிட்ட சொல்லைச் சொன்னாரா என்பதை விசாரித்து ஒரு முடிவுக்கு வர முடியும். அவருடைய மனத்தில் இனவெறி குடிகொண்டிருக்கிறதா என்பதை எந்தக் குழுவும் அறிய முடியாது. சுவாரஸ் வழக்கில் ஆணையம் 115 பக்கத்தில் எழுதிய அறிக்கை இந்த வேறுபாட்டை மிகக் கவனமாகக் கையாண்டிருக்கிறது. நிறத்தைக் குறிக்கும் அந்தச் சொல்லை அவர் ஏழு முறை பயன்படுத்தினார் என்று அது முடிவு செய்தது. கூடவே, சுவாரஸ் இனவெறியர் என்பது குற்றச்சாட்டே அன்று, எவ்ராவும் அப்படிக் கருதவில்லை என்றும் பதிவு செய்தது. இதழ்களின் தலைப்புகளிலும் தெருப் பேச்சிலும் இந்த நுட்பம் காணாமல் போய், 'இவன் வெறியன்', 'இல்லை, தங்கமான மனிதன்' என்ற இரண்டு முழக்கங்கள் மட்டும் மிஞ்சின. இரண்டுமே விசாரணையில் இல்லாத விஷயங்கள். நான் குழுக்களில் உட்காரும்போது இளம் உறுப்பினர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: நாம் ஒரு செயலை விசாரிக்கிறோம், ஒருவருடைய குணத்துக்குச் சான்றிதழ் எழுதவில்லை. இதைச் சொல்லிவிட்டால் குற்றம் சாட்டப்பட்டவரின் தாய்தந்தையரும் நண்பர்களும்கூட ஓரளவு அமைதியாகக் கேட்கத் தொடங்குகிறார்கள்.

'நீதிமன்றமே விடுதலை செய்துவிட்டது, அப்புறம் சங்கம் எப்படித் தண்டிக்கலாம்' என்ற வாதமும் அடிக்கடி வருகிறது. டெர்ரி வழக்கில் நடந்தது அதுதான். 2012 ஜூலையில் லண்டன் நீதிமன்றம் அவரை விடுவித்தது, செப்டம்பரில் கால்பந்துச் சங்கம் நான்கு ஆட்டத் தடையும் 2,20,000 பவுண்டு அபராதமும் விதித்தது. ஃபெர்டினாண்டு தன்மீது சுமத்தியதாகத் தான் நினைத்த சொற்களைத்தான் மறுக்கும் தொனியில் திருப்பிச் சொன்னேன் என்பது டெர்ரியின் வாதம். குற்றவியல் நீதிமன்றம், சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டதா என்று பார்க்கும். அந்த விளக்கம் உண்மையாக இருக்கச் சிறிதளவு வாய்ப்பு இருந்தாலும் விடுதலைதான். விளையாட்டு அமைப்பின் குழு, நடந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று தோன்றினால் போதும் என்ற அளவில் பார்க்கும். சிறைக்கு அனுப்பும் அதிகாரம் உள்ள இடத்தில் சான்றின் தேவை உயர்ந்தும், சில வாரம் களத்துக்கு வெளியே நிறுத்தும் இடத்தில் சற்றுத் தாழ்ந்தும் இருப்பதில் முரண் எதுவும் இல்லை. ஒரே நிகழ்வுக்கு இரண்டு விடைகள் வந்ததால் ஒன்று பொய்யாகிவிடாது. நம் ஊரில் அலுவலகத்தின் துறை விசாரணையையும் நீதிமன்ற வழக்கையும் பார்த்தவர்களுக்கு இது புதிதும் அன்று.

நோக்கம் என்ற கேள்விதான் எனக்கும் இன்றுவரை கடினமாக இருக்கிறது. 2020 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டின் எடின்சன் கவானி, தன்னை வாழ்த்திய நண்பருக்கு நன்றி சொல்லி இன்ஸ்டாகிராமில் ஒரு வரி எழுதினார். அதில் கறுப்பு நிறத்தைக் குறிக்கும் ஸ்பானியச் செல்லச் சொல் ஒன்று இருந்தது. மூன்று ஆட்டத் தடையும் ஒரு லட்சம் பவுண்டு அபராதமும் விழுந்தன. உருகுவேயின் மொழிக் கழகம் தங்கள் பேச்சுவழக்கு அறியாமல் அளித்த தண்டனை என்று வெளிப்படையாகக் கண்டித்தது. சுவாரஸ் சொன்னதும் அதே குடும்பத்துச் சொல்தான். ஆனால் அவர் அதைச் சண்டைக்கு நடுவே, எதிராளியின் முகத்துக்கு நேரே சொன்னார் என்பது ஆணையத்தின் முடிவு. கவானி எழுதியது நண்பருக்கு, அன்போடு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ஊர் கொதித்தது சரியில்லை என்பது என் கருத்து. கவானியை எச்சரித்து, விளக்கம் சொல்லி விட்டிருக்கலாம் என்று நினைப்பவர்களில் நானும் ஒருவன். மாறாக நினைப்பவர்களிடமும் வலுவான காரணம் இருக்கிறது. பல நாட்டு மக்கள் படிக்கும் இடத்தில் எழுதும்போது தன் ஊர்ப் பொருளை மட்டும் கணக்கில் கொள்ள முடியாது என்கிறார்கள், அதையும் என்னால் தள்ளிவிட முடியவில்லை.

இதைப் புரிந்துகொள்ள உருகுவே வரை போக வேண்டியதில்லை. மேற்கிந்தியத் தீவுகளின் டேரன் சாமி, ஹைதராபாத் ஐ.பி.எல். அணியில் ஆடியபோது சக வீரர்கள் தன்னைக் கறுப்பன் என்ற பொருள்படும் இந்திச் சொல்லால் அழைத்தார்கள் என்று 2020 ஜூனில் சொன்னார். வலிமையானவன் என்று பாராட்டுகிறார்கள் என்று அத்தனை நாள் நினைத்திருந்தாராம். பின்னர் அவர்களில் ஒருவரோடு பேசியதாகவும், அன்பில்தான் சொன்னார்கள் என்று ஏற்றுக்கொண்டதாகவும் அவரே தெரிவித்தார். சொன்னவர்கள் உண்மையிலேயே அன்பாகச் சொல்லியிருக்கலாம், பொருள் தெரிந்த நொடியில் சாமிக்கு ஏற்பட்ட அவமானமும் உண்மை. கொழிஞ்சாம்பாறை இருக்கும் சித்தூர் தாலுகாவில் பிறந்து பாலக்காட்டுக்கு வடக்கே படிக்கவோ பந்தாடவோ போன எந்தத் தமிழ்ப் பையனையும் கேட்டுப் பாருங்கள். தமிழரைக் கேலி செய்ய அங்கே சொல்லும் 'பாண்டி' என்ற சொல் காலரியிலிருந்து வந்தால் அது பெருமைமிக்க மன்னர் குலத்தின் பெயர்தானே என்று அவனால் எடுத்துக்கொள்ள முடியாது. அணி நண்பன் தோளில் கைபோட்டுச் சொன்னாலும் பாதிப் பேர் சிரிப்பார்கள், பாதிப் பேர் சிரிப்பது போல் இருந்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். நோக்கம் தண்டனையின் அளவைக் குறைக்கலாம். நடந்ததே இல்லை என்று ஆக்கிவிடாது. இந்த அளவில் என் மனம் நிலைத்திருக்கிறது.

மன்னிப்புக் கேட்ட பிறகும் ஏன் விடுவதில்லை என்பதற்கு, எப்படிக் கேட்டார் என்று பார்க்க வேண்டும். 2024 ஜூலையில் கோப்பா அமெரிக்கா இறுதியாட்டத்தில் வென்ற அர்ஜென்டினா அணியின் பேருந்திலிருந்து என்சோ ஃபெர்னான்டஸ் நேரலை செய்தார். பிரான்ஸ் அணியின் ஆப்பிரிக்க வம்சாவளி வீரர்களை இழிவுபடுத்தும் பாடல் அதில் ஒலித்தது. செல்சியில் அவருடைய சக வீரரான வெஸ்லி ஃபோஃபானா அதை வெளிப்படையான இனவெறி என்று எழுதினார், பிரெஞ்சுக் கூட்டமைப்பு ஃபிஃபாவிடம் புகார் செய்தது. கொண்டாட்ட மயக்கத்தில் நடந்தது, அந்தச் சொற்கள் என் நம்பிக்கையைக் குறிப்பவை அல்ல என்று என்சோ மன்னிப்புக் கேட்டார். அர்ஜென்டினாவில் விவகாரம் வேறு திசைக்குப் போனது. அணித் தலைவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சொன்ன விளையாட்டுத் துறை அதிகாரி பதவி இழந்தார், துணை அதிபர் என்சோவுக்கு ஆதரவாகப் பேசினார். நாட்டு மானம் என்ற துணியைப் போர்த்தியவுடன் அந்தப் பாட்டு யாரைக் குறித்தது என்பதே மறைந்துவிட்டது. இதை நான் மிகவும் அஞ்சுகிறேன், ஏனென்றால் எந்த ஊரிலும் இதுதான் முதலில் நடக்கிறது: நம் பையனை வெளியூர்க்காரர்கள் சேர்ந்து தாக்குகிறார்கள் என்ற உணர்வு வந்துவிட்டால் உண்மை பேசுபவன் துரோகி ஆகிவிடுகிறான். சக வீரர்களிடம் நேரில் மன்னிப்புக் கேட்ட பிறகு செல்சி மேல்நடவடிக்கை எடுக்கவில்லை. நேரில் கேட்டதுதான் அந்த நிகழ்வில் உருப்படியான பகுதி என்று நினைக்கிறேன். 'யாரேனும் புண்பட்டிருந்தால்' என்று தொடங்கும் மன்னிப்பை ஊர் ஏற்காததற்கு ஊரைக் குறை சொல்ல முடியாது. புண்பட்டவர் யார் என்பது தெரிந்திருக்கும்போது 'யாரேனும்' என்பது தட்டிக்கழிப்பு.

இவ்வளவும் சொன்னதால் பொதுக் கோபத்தை முழுதாக ஆதரிக்கிறேன் என்று கொள்ள வேண்டாம். விசாரணை முடியும் முன்பே தீர்ப்பெழுதுவதும், அந்த வீரரின் மனைவியையும் குழந்தைகளையும் தேடிப்போய் வசைபாடுவதும், அவருடைய நாட்டு மக்கள் எல்லாரும் இப்படித்தான் என்று எழுதுவதும் எதிர்ப்பு ஆகா. மூன்றாவதாகச் சொன்னது அவர் செய்த குற்றத்தையே நாமும் செய்வது. இந்தத் தடைகளும் அபராதங்களும் வீரர்களின் உள்ளத்தை மாற்றியிருக்கின்றனவா, அல்லது வாயை மட்டும் கட்டியிருக்கின்றனவா என்று கேட்டால், நிச்சயமான பதில் என்னிடம் இல்லை. குடேலா வாயை மறைத்துக்கொண்டு பேசியதை நினைத்தால் இரண்டாவதுதான் சரியோ என்று தோன்றுகிறது. வாய் கட்டப்படுவதும் சிறிய பலன் அன்று. களத்தில் வேலைக்கு வந்த ஒருவன் அன்றைய ஒன்றரை மணி நேரத்தை அவமானம் இல்லாமல் கழித்தான் என்றால் எனக்கு அது போதும்.

நம் பக்கத்துக்கு வருகிறேன். 2023 செப்டம்பரில் கொச்சியில் நடந்த ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து) தொடக்க ஆட்டத்தில், மேகாலயாவைச் சேர்ந்த கேரள பிளாஸ்டர்ஸ் வீரர் ஐபான்பா டோலிங்கை நோக்கி எதிரணி வீரர் ஒருவர் மூக்கைப் பொத்திக் காட்டியதாகக் காட்சி பரவியது. பிளாஸ்டர்ஸ் கழகம் முறைப்படி புகார் அளித்தது, ரசிகர் மன்றம் கண்டித்தது, கேரளம் முழுக்க வடகிழக்கு வீரருக்காகக் குரல் எழுந்தது. குற்றச்சாட்டு மெய்யா என்பது ஒருபுறம் இருக்க, அந்தக் குரல் நல்ல குரல். ஆறு மாதம் கழித்து, 2024 மார்ச்சில், மலப்புறம் மாவட்டத்து அரீக்கோடு அருகே, அணிக்கு எழுவர் ஆடும் செவன்ஸ் கால்பந்து ஆட்டம் ஒன்றில் ஐவரி கோஸ்ட் நாட்டு வீரர் ஒருவரைக் கூட்டம் துரத்தித் துரத்தி அடித்தது. நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள், கல்லெறிந்தார்கள் என்று அவர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் புகார் கொடுத்தார், வழக்கும் பதிவானது. அந்த வீரர்தான் முதலில் பார்வையாளர் ஒருவரை உதைத்தார் என்று மறுதரப்பு சொன்னது. அவர் உதைத்தாரா என்பது விசாரிக்க வேண்டிய ஒன்று. அவரை நூறு பேர் துரத்தலாமா என்பதற்கு விசாரணை தேவையில்லை. இரண்டு இடத்திலும் இருந்தவர்கள் ஒரே ஆட்கள் அல்லர், அதை நான் அறிவேன். ஆனால் தொலைக்காட்சியில் நடப்பதற்குக் கொதிக்கும் நாம், நம் வயலில் கட்டிய மூங்கில் காலரியில் நடப்பதற்கு அந்த அளவு கொதிப்பதில்லை.

செவன்ஸ் உலகில் ஆப்பிரிக்க வீரரின் நிலையைப் புரிந்துகொண்டால் இதன் கனம் தெரியும். நைஜீரியா, கானா, லைபீரியா, ஐவரி கோஸ்ட் என்று எந்த நாட்டிலிருந்து வந்தாலும் மலபாரில் அவர்கள் எல்லாருக்கும் 'சுடானி' என்று ஒரே பெயர். அன்போடுதான் அழைக்கிறார்கள், அவர்களுக்காகவே கூட்டமும் கூடுகிறது. மழை நின்று அடுத்த மழை தொடங்கும் வரை அவர்களுக்கு வேலை, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசிய கூலி, மேலாளர் ஏற்பாடு செய்த தங்குமிடம். விசா, பயணம் எல்லாமே பிறர் கையில். இப்படிப்பட்ட ஒருவர் புகார் சொன்னால் அடுத்த வாரம் அவரை இறக்காமல் உட்காரவைக்க ஒரு காரணமும் தேவையில்லை. செவன்ஸ் ஆட்டம் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் அங்கீகாரத்தின் கீழ் வருவதும் இல்லை. அதனால் ஃபிஃபாவின் பத்து ஆட்டமோ ஆங்கிலச் சங்கத்தின் ஆறு ஆட்டமோ இங்கே தானாகச் செல்லாது. கமிட்டி எழுதி வைப்பதுதான் விதி. பெரும்பாலான கமிட்டிகள் நுழைவுக்கட்டணம், பரிசுத்தொகை, சமநிலையானால் என்ன செய்வது என்பதையெல்லாம் எழுதி வைக்கின்றன. இதை எழுதி வைப்பதில்லை.

ஆகவே நண்பரின் கமிட்டிக்கு நான் சொல்வது, போட்டி அறிவிப்பு அச்சாகும்போதே, இனம், நிறம், சாதி, மொழி சொல்லி இழிவுபடுத்தும் வீரருக்கு எத்தனை ஆட்டத் தடை என்பதை எண்ணால் எழுதி, எல்லா அணி மேலாளர்களிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நிகழ்வு நடந்த பிறகு எழுதும் விதி யாருக்கும் விதியாகத் தோன்றாது. சாதியை நான் சேர்த்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எல்லைப்புறத்து மைதானங்களில் நான் கேட்ட வசைகளில் நிறத்தைவிடச் சாதிதான் அதிகம், அதற்காக ஊர் கொதித்ததை நான் பார்த்ததில்லை. பட்டியல் சாதியினர் ஒருவரைப் பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் சாதி சொல்லி இழிவுபடுத்துவது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். கமிட்டி தடை விதித்ததோடு அது முடிந்துவிடாது, 'நமக்குள் பேசித் தீர்த்துக்கொள்வோம்' என்று புகார்தாரரை வற்புறுத்தக் கமிட்டிக்கு உரிமையும் இல்லை. வெளிநாட்டு வீரர் மீதான நிறவசைக்கு இப்படித் தனிச் சட்டப்பிரிவு இல்லை. டெல்லியில் அருணாசல இளைஞர் நிடோ தானியா கொல்லப்பட்ட பிறகு, 2014-இல் பெஸ்பருவா குழு இனவசைக்கென்று சட்டப்பிரிவுகளைப் பரிந்துரைத்தது. அவை சட்டமாகவில்லை. எனவே பொதுவான பிரிவுகளைத்தான் நாட வேண்டும், அதற்கு வழக்கறிஞர் ஒருவரைக் கேளுங்கள்.

நடுவர் காதில் சொல் விழுந்திருந்தால் வேலை எளிது. இழிவான பேச்சுக்குச் சிவப்பு அட்டை என்பது ஆட்ட விதியிலேயே இருக்கிறது. பெரும்பாலும் விழாது. அப்போது நடுவர் கேட்காத ஒன்றுக்கு அட்டை காட்டக் கூடாது, அதே சமயம் 'நான் கேட்கவில்லை, ஆடு' என்று துரத்தவும் கூடாது. ஆட்டத்தை நிறுத்தி, இரு அணித் தலைவர்களையும் அழைத்து, புகார் சொன்னவர் எந்தச் சொல்லைக் கேட்டதாகச் சொல்கிறாரோ அந்தச் சொல்லையே, எந்த மொழியில் என்பதோடு, எத்தனையாவது நிமிடம், அருகில் நின்றவர்கள் யார் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். 'ஆபாசமாகத் திட்டினார்' என்று பூசி மெழுகி எழுதிய அறிக்கையால் எந்தக் குழுவும் எந்த முடிவுக்கும் வர முடியாது. எழுத நா கூசும் சொல்லானாலும் அப்படியே எழுத வேண்டும். மொழி தெரியாத வீரர் என்றால் அவர் நம்பும் ஒருவரை உடன் உட்கார வையுங்கள், அந்த ஆள் அவருடைய மேலாளராக இருக்க வேண்டாம். காணொளி எடுத்தவர்களிடம் அன்றிரவே கேட்டு வாங்கிவிடுங்கள். இரண்டு தரப்பையும் தனித்தனியே, சில நாட்களுக்குள் விசாரியுங்கள். முடிவைக் காரணத்தோடு எழுதி, இரண்டு அணிகளுக்கும் ஒரே நேரத்தில் கொடுங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் உள்ளூர்ப் பையன் என்றால், அவன் வீட்டார் கமிட்டியில் இருந்தால், அவர்கள் அந்த ஒரு விசாரணையிலிருந்து ஒதுங்கிக்கொள்ளட்டும்.

விசாரணை நடக்கும் நாட்களில் புகார் சொன்ன வீரரைக் களமிறக்குவதை அணி நிறுத்தக் கூடாது. காயம் இல்லாமல் அவரை உட்காரவைத்தால் பேசிய ஆட்டக்கூலியை முழுதாகக் கொடுக்க வேண்டும். இதையும் அந்தக் கையெழுத்துத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.